அத்தான் எடுத்த வீடியோ

அக்கா என்னை அந்த அறைக்குள் விடமாட்டேன் என்று சொன்னபோது எனக்கு வந்த கோபம் நியாயமான கோபம். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். வீடியோ எடுப்பதும் வெட்டி ஒட்டிக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. கம்பெனி விளம்பரம், பள்ளிக்கூட விழா, எவனோ ஒருவன் தன் மெத்தைக் கடையைப் பற்றி மூச்சுவிடாமல் அளப்பது, இதையெல்லாம் எடுக்கத் தெரிந்தவளுக்குச் சொந்த அக்காவை எடுக்கத் தெரியாதா?

விஷயம் இதுதான். அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். மருந்துக்கு மசியவில்லை. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு, ஆனால் பேச்சு போய்விடும். ஏற்கெனவே கம்மிப்போயிருந்த குரல்தான், அதுவும் இன்னும் சில நாள்களுக்கு. அதற்குள் மகளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கேமரா முன்னால் சொல்லிவைத்துவிட வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். பள்ளிக்கூடம் போகும் முதல் நாளுக்கு ஒன்று, பெரியவளாகும்போது ஒன்று, யாரையாவது பிடித்துப்போய் வந்து நிற்கும்போது ஒன்று. ஆபரேஷனில் எது நடந்தாலும் இது இருக்கட்டும் என்றாள். குட்டிக்கு அப்போது நான்கு வயது.

பழைய வீடியோ எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். அக்காவின் போன் வாளித் தண்ணீரில் விழுந்து, உள்ளே இருந்த அத்தனையும் போயிற்று. என் போனில் இருப்பதெல்லாம் குட்டி மட்டும்தான். போனை அக்கா பக்கம் திருப்பினாலே முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடுகிற ஜென்மம் அவள்.

முதல் நாள் நான்தான் உட்கார்ந்தேன். ஆபீஸ் கேமரா, நல்ல லென்ஸ், விளக்கு எல்லாம் கொண்டுபோயிருந்தேன். அக்கா ஆரம்பித்தாள். தாடை கீழே போயிற்று, மறுபடி சொல்லு என்றேன். மறுபடி சொன்னாள். வெளியே எவனோ ஹாரன் அடித்தான், மறுபடி என்றேன். அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். இருக்கிறதே கொஞ்சம் குரல், அதை அழுது தீர்த்தால் என்ன செய்வது? கத்திவிட்டேன். மூக்கு சிவந்துபோச்சு, இந்த முகத்தைத்தான் உன் பொண்ணு காலம் முழுக்கப் பாக்கணுமா என்று கேட்டேன். அவள் மைக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"நீ வேண்டாம். அவரே எடுக்கட்டும்."

அவர் என்றால் அத்தான். லிஃப்ட் மெக்கானிக். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். அவருக்குக் கேமரா என்றால் எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் அக்கா சொன்னால் சொன்னதுதான். எனவே நான் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தானுக்குப் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கவனமாகக் கேட்டார். ஜன்னலை அக்காவின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் கறுத்துப்போகும், பக்கவாட்டில் வையுங்கள் என்றேன். வெள்ளைத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக் கேமராவுக்கு இதுதான் வெள்ளை என்று காட்டிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அக்கா மஞ்சள் காமாலை வந்தவள் மாதிரி தெரிவாள் என்றேன். உட்கார்ந்த ஆளை முழுசாகக் காட்டுவது வைட், இடுப்புவரைக்கும் வந்தால் மிட், முகம் மட்டும் என்றால் கிளோசப், நீங்கள் மிட்டிலேயே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், பெரிய டைரக்டர் மாதிரி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக ஜூம் பண்ணாதீர்கள் என்றேன். தலைக்கு மேலே கொஞ்சம் காலி இடம் விட வேண்டும், அதற்குப் பெயர் ஹெட்ரூம் என்றேன். எங்கள் லிஃப்ட் குழியிலும் உச்சியில் காலி இடம் விடுவோம், அதற்கும் இதே பேர்தான் என்று சந்தோஷப்பட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு மூன்று விஷயம் செய்துகொடுத்தேன். மூன்றும் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கேமரா முன்னால் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு, பதிவாகும்போது எரியும். அதைப் பார்த்தால் பழக்கமில்லாதவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அதன் மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டினேன். பட்டனை அழுத்தும்போது வரும் 'பீப்' சத்தத்தையும் அணைத்தேன். கேமராவின் பக்கத்தில் விரியும் சின்னத் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன், தன் முகத்தைத் தானே பார்த்தால் அக்கா தலைமுடியைத்தான் சரிசெய்துகொண்டிருப்பாள். நீங்கள் லென்ஸை ஒட்டி உட்காருங்கள், அவள் உங்களைப் பார்த்துப் பேசட்டும், ஆரம்பிக்கும்போது ஒரு தடவை அழுத்துங்கள், முடிந்ததும் ஒரு தடவை அழுத்துங்கள், அவ்வளவுதான். அத்தான் தலையாட்டினார். நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு, பொருமிக்கொண்டே, இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் அத்தான் கேமராவின் மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கண் வீங்கியிருந்தது. ரொம்ப நன்றாகப் பேசினாள் என்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன் என்றார். அதை நான் அப்போதே போட்டுப் பார்த்திருக்கலாம். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று துணி, மருந்துச்சீட்டு, குட்டியின் பால் என்று வீடே தலைகீழாகக் கிடந்தது. கார்டு என் பையிலேயே கிடந்தது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அக்கா பிழைத்தாள். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய், அதன் வழியாக மூச்சு. கண்விழித்ததும் உதட்டை அசைத்தாள். காற்று மட்டும் வந்தது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், டாக்டர் படம் போட்டு விளக்கியதுதான், ஆனாலும் அந்தக் காற்றைக் கேட்டதும் நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் ஆபீசில் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கார்டைத் திறந்தேன். முதல் கிளிப் நன்றாகவே இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஃபிரேம் அச்சுப் பிசகாமல் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்தது. அக்கா காலரில் மைக்கைக் குத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்தாள். அத்தான், இன்னும் ஆரம்பிக்கலை, சும்மா இரு என்றார். அப்படியே ரொம்ப நேரம் போயிற்று. பிறகு அத்தானின் குரல், சரி, இப்போ பேசு என்றது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். கிளிப் முடிந்தது.

அடுத்த கிளிப்பில் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்திருந்தாள். நல்லா வந்துச்சாங்க என்று கேட்டாள். அத்தான் நல்லா வந்துச்சு என்றார். இருவரும் ஓய்வாக ஏதோ பேசினார்கள். பிறகு, சரி, அடுத்தது ஆரம்பிக்கலாமா என்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிளிப் முடிந்தது.

மற்றக் கிளிப்புகளின் தொடக்கத்தையும் முடிவையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாக் கிளிப்பும் அப்படித்தான். பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க அத்தான் முதலில் ஒருதரம் அழுத்தியிருக்கிறார். அப்போதே பதிவாக ஆரம்பித்துவிட்டது. பேசு என்று சொல்லி அவர் அழுத்தியதெல்லாம் நிறுத்துவது, முடிந்தது என்று சொல்லி அழுத்தியதெல்லாம் ஆரம்பிப்பது. லிஃப்டில் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் அர்த்தம் ஒன்றுதான், லிஃப்ட் வரும். இன்னொரு தடவை அழுத்தினால் போய்விடாது. அந்த மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்? விளக்கு எரிவதைப் பார்த்திருக்கலாம், நான் டேப் ஒட்டியிருந்தேன். சத்தத்தைக் கேட்டிருக்கலாம், நான் அணைத்திருந்தேன். திரையைப் பார்த்திருக்கலாம், நான் சுவரைப் பார்க்கத் திருப்பியிருந்தேன்.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நிமிடம் நான் செய்தது, அத்தானுக்குப் போன் போட்டு ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தது. ஒரு பட்டன், ஒரே ஒரு பட்டன், அதைக்கூட அழுத்தத் தெரியாதா என்று கேட்டேன். அவள் வாயால் இனிமேல் ஒரு வார்த்தை வருமா, நீங்கள் வாங்கிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டின் கூரை மேல் நின்றுகொண்டிருந்தார். எதிரொலியில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. போனை வைத்துவிட்டு, ஆத்திரம் அடங்காமல், மீதியையும் பார்த்துவிடுவோம் என்று அடுத்த கிளிப்பைப் போட்டேன்.

அதில் அக்கா களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தாள். காலர் மைக் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்ததால் அவள் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"நான் போயிட்டா குட்டிய அவகிட்ட வளர விட்டுராதீங்க."

யார்கிட்ட என்றார் அத்தான். என் தங்கச்சிகிட்டதான் என்றாள் அக்கா. அத்தான் திடுக்கிட்டுப்போய், என்ன இப்படிச் சொல்றே, அவ குட்டி மேல உயிரையே வெச்சிருக்கா என்றார்.

"எனக்குத் தெரியாதா? உயிருதான். ஆனா அவ கத்தும்போது குட்டி காதப் பொத்திக்கிறா. நீங்க வேலைக்குப் போயிடுறீங்க, பாத்ததில்ல. அம்மா கத்தும்போது நானும் அப்படித்தான் பொத்திக்குவேன். அம்மாவோட குரல்தான் இவளுக்கும்."

தண்ணீர் குடித்தாள். கண்ணாடி டம்ளரை வைக்கிற சத்தம்.

"குட்டிகிட்ட மெதுவா பேசணுங்க. மெதுவா சொன்னா எதச் சொன்னாலும் கேப்பா. இந்த மாதிரி." அத்தானைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கீழே, தன் முழங்காலுக்குப் பக்கத்தில் பார்த்தாள். "குட்டிம்மா, இங்க வாடா. அம்மா மடில வந்து உக்காரு. என்னாச்சு? யாரு என்ன சொன்னா? அம்மாகிட்ட சொல்லு."

அந்தக் கம்மிய குரல் அந்த இடத்தில் மட்டும் கம்மவில்லை. கார்டு முழுக்கத் தேடினேன். அக்கா குட்டியிடம் பேசுவது அந்த ஒரே இடத்தில்தான். மற்றதெல்லாம் மருந்து, கேஸ் அடுப்பு, பக்கத்து வீட்டுக்காரி, தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்பது. மகளுக்கென்று சொன்னதில் ஒரு வார்த்தையும் இல்லை. அத்தானுக்கு மகளிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தது மட்டும் இருக்கிறது. அதுவும் என்னிடம் விடாதே என்று சொன்ன அதே மூச்சில்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. குட்டிக்குக் காய்ச்சல் என்றால் வேலையை விட்டுவிட்டு ஓடுவது யார்? செருப்பு வாங்கிக் கொடுத்தது யார், பல் துலக்கக் கற்றுக்கொடுத்தது யார்? காதைப் பொத்துகிறாளாம். நான் பார்த்ததே இல்லையே என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். கத்தும்போது நான் எதிரில் இருப்பவரைப் பார்த்தால்தானே.

மகளுக்குச் சொன்னது எதுவும் பதிவாகவில்லை என்பதை அத்தானால் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவிடம் அவரே சொல்லிவிட்டார். அவள் அவர் போனை வாங்கி, அப்போ என்னதான் பதிவாகியிருக்கு என்று எழுதிக் கேட்டாளாம். இடையில் பேசியதெல்லாம் இருக்கிறதாம் என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். 'கொண்டு வா. பார்க்கணும்.'

நான் கைதேர்ந்தவள். பேசிக்கொண்டிருக்கும் ஆளின் நடுவே வெட்டினால் தலை துள்ளும், யாருக்கும் தெரிந்துவிடும். அந்த இடத்தின் மேல் வேறு ஏதாவது படத்தைப் போட்டு மூடினால், குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும், வெட்டு தெரியாது. இதற்குக் கட்-அவே என்று பெயர், முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் சொல்லித்தருவது. அக்காவின் அறைக்குப் போய் ஜன்னல் திரை ஆடுவதையும் தண்ணீர் டம்ளரையும் எடுத்துவந்தேன். என்னைப் பற்றி அவள் சொன்ன மொத்தத்தையும் தூக்கினேன். கேஸ் அடுப்புப் பேச்சில் ஒரு சிரிப்பு, திரை ஆடுகிறது, 'குட்டிம்மா, இங்க வாடா.' யாராலும் கண்டுபிடிக்க முடியாத வெட்டு. நானே மெச்சிக்கொண்டேன். குட்டிக்கு அம்மாவின் குரல் வேண்டும், அவ்வளவுதானே, அதில் என் மானம் எதற்குக் கப்பலேற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள், கழுத்தில் வெள்ளைத் துணி. அத்தான் கட்டில் கால்மாட்டில், தண்டனைக்குக் காத்திருப்பவர் மாதிரி. குட்டி தரையில் பொம்மைக் கார்களோடு. என் லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துப் போட்டேன்.

'குட்டிம்மா, இங்க வாடா' என்று வந்ததும் குட்டி காரை விட்டுவிட்டு எழுந்தாள். லேப்டாப்பைப் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலில் ஏறி அக்காவின் மடியில் உட்கார்ந்தாள். என்னாச்சு, யாரு என்ன சொன்னா என்று திரை கேட்டது. ஒண்ணும் இல்லம்மா என்று குட்டி அக்காவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள். அத்தான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அக்கா அழவில்லை. குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினாள்.

'திரை ஆடுதே, அந்த இடத்துல என்ன இருந்துச்சு?'

உனக்குத் தெரியும் என்றேன். தலையாட்டினாள். மறுபடி எழுதினாள்.

'கேட்டியா?'

"கேட்டேன்."

அவள் யோசித்தாள். எழுதினாள், அழித்தாள், எழுதினாள். ஒரு மன்னிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். உடம்பு சரியில்லாத நேரத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்று வரும், நானும் சரி விடு என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

'நான்தான் சாகலையே. ஆனா சொன்னது சொன்னதுதான். அதையும் போடு.'

குட்டி இருக்கிறாள் என்றேன். இருக்கட்டும் என்று கையைக் காட்டினாள். அத்தான், வேண்டாம்மா, அவ மனசு கஷ்டப்படும் என்றார். என் மனது கஷ்டப்படுவதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. வெட்டாத கிளிப்பைத் திறந்து போட்டேன்.

'அவ கத்தும்போது குட்டி காதப் பொத்திக்கிறா' என்று அக்காவின் குரல் சொன்னது. குட்டி மடியிலிருந்து நிமிர்ந்து, அம்மா என்னப் பத்திச் சொல்றா என்றாள் பெருமையாக. பிறகு மீதியையும் கேட்டாள். முடிந்ததும் அறையில் கழுத்துக் குழாய் வழியாக மூச்சு போய்வருவது மட்டும் கேட்டது.

நான் தரையில் இறங்கி உட்கார்ந்தேன். மெதுவாகப் பேச முயன்றேன். பழக்கமில்லாததால் குரல் எங்கேயோ போயிற்று.

"சித்தி கத்தினா உனக்குப் பயமா இருக்கா?"

குட்டி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. பிறகு என் பக்கம் திரும்பி, ஆமாம் என்று தலையாட்டினாள்.

சின்ன வயதிலிருந்து நான் யாரிடம் கத்திவிட்டு வந்தாலும் பின்னாலேயே அக்கா போவாள். அவ சும்மா கத்துவா, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க என்று எனக்காகச் சொல்லிவிட்டு வருவாள். அன்றைக்கும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குட்டியும் பார்த்தாள். அக்காவின் உதடு அசைந்தது. அவள் சொல்லி முடிக்கட்டும் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன்.